குசினிக் காக்காவின் சேர்விஸ்

எங்கள் அறபுக் கல்லூரியில் விசில் கிடையாது.

வியாழக்கிழமை பிற்பகல் அசர் தொழுதுவிட்டு, கல்லூரிக்குப் பின்னால் கடலைப் பார்த்திருக்கும் மணலில் வலை கட்டுவோம். அந்தி மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் வரைக்கும் கரப்பந்து. சாரத்தை மடித்துக் கட்டியிருப்போம், தலையில் தொப்பி இருக்கும். வாரம் முழுவதும் கிதாபும் மனனமுமாகக் கிடந்த எங்களுக்குக் காலை வீசி ஓடக் கிடைத்த நேரம் அதுதான். எல்லாம் வேறு இடங்களில் நடப்பதைப் போலத்தான் நடக்கும். மத்தியஸ்தர் மட்டும் இல்லை. கல்லூரியின் ஆரம்ப காலத்தில், ஓதுகிற பிள்ளைகள் விசிலூதுகிறவரோடு சண்டை பிடிப்பதைத் தலைமை ஆசிரியரான பெரிய ஹஸரத் ஒருநாள் பார்த்துவிட்டாராம். "பந்து பட்டவனுக்குத் தெரியாததா விசிலூதுறவனுக்குத் தெரியப் போகுது?" என்று கேட்டாராம். அன்றிலிருந்து, பந்து யார் கையில் பட்டு வெளியே போனதோ அவரே கையைத் தூக்க வேண்டும். வலையில் உரசினாலும் அப்படித்தான். கோட்டை மிதித்தாலும் அப்படித்தான்.

வெளியிலிருந்து வருகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்த புதிதில் உள்ளுக்குள் சிரித்தேன். இந்த வழக்கம் எங்கள் காலம் வரைக்கும் எப்படி நிலைத்தது என்று யோசித்தால் எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். அது குசினிக் காக்கா.

அவருக்குப் பெயர் இருந்தது. யாரும் அதைச் சொல்லி அழைத்ததில்லை, நானும் இங்கே எழுதவில்லை. கல்லூரியின் சமையற்காரர், குசினியில் நிற்கும் அண்ணன் என்பதால் குசினிக் காக்கா. எண்பதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே ஓதிய மூன்று வருடமும் அவர்தான் ஆக்கிப்போட்டார். முப்பது வயது கூட இருக்காது. கட்டையான ஆள், அகலமான கை. மஞ்சள் கறை படிந்த பெனியன். கல்லூரிக்குள் படுத்தெழும்புகிற எவரும் விளையாடலாம் என்பது இன்னொரு வழக்கம். அவர் குசினிக்குப் பக்கத்து அறையில் படுப்பவர். ஆகவே அவரும் விளையாடுவார். விளையாடுவார் என்று சொன்னால் போதாது. வலை அறுந்தால் கரைவலைக்காரர்களிடம் நூல் வாங்கி வந்து பின்னுவது அவர். அடுப்புச் சாம்பலைச் சலித்து எடுத்து, வியாழக்கிழமை பகல் மணலில் கோடு போடுவதும் அவர்தான். வியாழன் இராச்சாப்பாட்டுக்கு எங்களுக்கு ஒரே கறிதான் கிடைக்கும். இரண்டாவது கறிக்கு வேண்டிய நேரத்தை அவர் மைதானத்தில் செலவழித்துவிடுவார் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் முறையிட்டதில்லை.

அவருடைய சேர்விஸ் விசேஷமானது. உள்ளங்கையை மூடிக் கீழிருந்து ஒரு குத்து. பந்து தென்னை உயரத்துக்குப் போய், அங்கே ஒரு கணம் யோசிப்பதுபோல நின்று, நேரே கீழே விழும். அவர் மேற்குப் பக்கம் நின்று அடித்தால் எதிரே நிற்பவர்களின் கண்ணில் வெயில்தான் விழும். பந்து எங்கே என்று தேடுவதற்குள் காலடியில் கிடக்கும்.

ஆனால் அவரை நான் நினைத்துக்கொள்வது சேர்விஸுக்காக அல்ல.

ஒருநாள் பகல் சோறு அடிப்பிடித்துவிட்டது. நாங்கள் ஆறு ஆறு பேராகச் சகனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ஒரே தட்டில் ஆறு கை. சோற்றை வாயில் வைத்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தோம். அதற்குள் அவர் வாசலில் வந்து நின்றார். கை மேலே இருந்தது, விளையாட்டில் தூக்குவதைப் போலவே.

"சோறு அடிப்பிடிச்சிட்டு. பிழை என்ர. விறகு கொண்டு வந்தவரோட கதைச்சிட்டு நிண்டுட்டன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தச் சோற்றைப் பற்றி என்ன முறையிடுவது? சாப்பிட்டோம்.

இன்னொரு முறை அவர் அடித்த பந்து வேலி தாண்டிப் போய், பக்கத்து வீட்டில் நாங்கள் ராத்தா என்று அழைக்கும் அக்காவின் தண்ணீர்க் குடத்தை உடைத்துவிட்டது. ராத்தா வேலிக்கு மேலால் தலையை நீட்டினார்.

"ஆரு அடிச்ச?"

"நான்தான் ராத்தா. கை வழுக்கிட்டு."

"நீங்களா? சரி போங்க. வேற எவனும் அடிச்சிருந்தா பந்த வெட்டி அடுப்புல போட்டிருப்பன்."

எங்களுக்கு இது வசதியாகிவிட்டது. அடுத்த முறை எங்களில் ஒருவன் அடித்த பந்து ராத்தா காயப்போட்டிருந்த நெல்லில் போய் விழுந்தபோது, எல்லோரும் ஒரே குரலில் "குசினிக் காக்கா" என்றோம். ராத்தா குசினிக் காக்காவைப் பார்த்தார்.

"இல்ல ராத்தா, இது நான் இல்ல."

"அப்ப ஆரு?"

"அத அடிச்சவர்தான் சொல்லணும்."

அடித்தவன் வாய் திறக்கவில்லை. பந்து மூன்று நாட்கள் ராத்தா வீட்டில் கிடந்தது. எங்களுக்குக் குசினிக் காக்கா மேல் சரியான கோபம். "ஒரு பேரைச் சொன்னா என்ன கொறஞ்சி போகுது" என்று அக்குறணை நானா கேட்டார். மலைநாட்டிலிருந்து வந்து ஓதிக்கொண்டிருந்த மூத்த மாணவர் அவர், மாணவர் தலைவரும் அவர்தான். அவர்கள் ஊரில் காக்காவை நானா என்பார்கள். ஒரு கிதாபில் ஒரு வரி கிடைத்தால் ஒரு கிழமைக்கு வாதாடக்கூடிய மனுசன். அவருக்கும் குசினிக் காக்கா சொன்ன பதில் ஒன்றுதான்.

"என்ர கையப்பத்தித்தான் நான் சொல்லலாம் தம்பி."

தன்னுடைய பிழையை ஊருக்குச் சொல்லுவார். அடுத்தவனுடையதைச் சொல்லமாட்டார். மறைக்கவும் மாட்டார். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஒருவர் எப்படி வாழ்கிறார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. பிறகு ஒரு வியாழக்கிழமை என்னாலேயே விளங்கியது.

ஓதி முடித்தவர்களுக்குத் தலைப்பாகை கட்டும் விழா வருடத்துக்கு ஒருமுறை நடக்கும். அதற்கு முந்திய வியாழன் கல்முனை டவுணிலிருந்து ஒரு கழகம் எங்களோடு விளையாட வரும். சாய்ந்தமருதிலிருந்தும் காரைதீவிலிருந்தும் கூட ஆட்கள் பார்க்க வந்துவிடுவார்கள். விளையாடி முடிந்ததும் இரு பக்கத்தாருக்கும் கல்லூரியில் சாப்பாடு. தோற்றவர்கள் வென்றவர்களின் கைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

அந்த வருடம் நிர்வாக சபைத் தலைவர் முன் வரிசையில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். நெல் ஆலை வைத்திருந்த ஹாஜியார். கல்லூரிக்கு நிறையச் செய்தவர், மரியாதை பார்ப்பவர். குசினிக் காக்கா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களோடு இறங்குவதைக் கண்டதும் அவருக்கு முகம் மாறிவிட்டது.

"இது மத்ரஸாவா, சோத்துக்கடையா? ஒங்கட ஆக்கள்ள சோறு வடிக்கிறவர்தான் பந்தும் அடிக்கிறாராமே எண்டு பசார்ல கேக்கிறானுகள். ஓதுற புள்ளைகளுக்கு நடுவுல இவர் என்னத்துக்கு?"

விருந்தாளிகளுக்கு முன்னால் வாதாடுகிற வழக்கம் பெரிய ஹஸரத்துக்கு இல்லை. ஹாஜியாரே தொடர்ந்தார்.

"சரி, இறங்கிட்டார். இண்டைக்கி வெண்டா தொடர்ந்து விளையாடட்டும். தோத்தா இனிமேல் கோட்டுக்குள்ள கால் வைக்கப்படா. குசினியோட நிக்கட்டும்."

"சரி ஹாஜியார்" என்றார் குசினிக் காக்கா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பந்தை வாங்கும்போது மட்டும் அதை இரண்டு கையாலும் வாங்கினார்.

மூன்றாவது ஆட்டம்தான் முடிவு. பதினைந்து புள்ளி எடுக்க வேண்டும், இரண்டு புள்ளி வித்தியாசமும் வேண்டும். நாங்கள் பதினான்கு, அவர்கள் பன்னிரண்டு. அந்தக் காலத்தில் சேர்விஸ் அடிக்கிற பக்கத்துக்குத்தான் புள்ளி ஏறும். சேர்விஸ் எங்களிடம். வலையருகே குசினிக் காக்காவும் நானும் நின்றோம். நான் நல்ல உயரம். அதற்காகத்தான் என்னைச் சேர்த்திருந்தார்கள். மற்றபடி கேட்டால் மட்டும் பேசுகிற ஆள் நான், கேட்டாலும் பாதிதான் வெளியே வரும்.

டவுண் ஆள் ஒருவர் எகிறி அடித்தார். நான் கையை நீட்டிக் குதித்தேன். பந்து என் தலைக்கு மேலால் போய்க் கோட்டுக்கு வெளியே விழுந்தது. எங்கள் பக்கம் எல்லோரும் துள்ளினார்கள். வென்றுவிட்டோம். யாரோ என் முதுகில் அடித்தார்கள்.

என் நடுவிரல் நகத்தில் பந்து உரசியிருந்தது. ஒரு நூல் தடவியதைப் போல. எனக்கு மட்டும் தெரியும் அளவுக்கு.

டவுண் கெப்டன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "கை தூக்குற பழக்கம் எண்டு சொன்னீங்க. எங்க, ஒரு கையையும் காணல்ல?" என்றார். சந்தேகப்பட்டுக் கேட்டதுபோல இல்லை, பகிடியாகத்தான் கேட்டார். என் கை தொடையோடு ஒட்டிக்கொண்டது. தூக்கினால் சேர்விஸ் அவர்களுக்குப் போகும். இத்தனை பேரும் என்னைப் பார்ப்பார்கள். உண்மையைச் சொன்னால், ஹாஜியார் சொன்னது கூட அப்போது என் நினைவில் இல்லை. பார்ப்பார்கள் என்ற பயம்தான்.

குசினிக் காக்கா என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். சாரத்தில் உள்ளங்கையைத் துடைத்தார், மெதுவாக, இரண்டு தரம். நான் தூக்குவதற்கு அவர் தந்த நேரம் அது என்று பிறகுதான் விளங்கியது. நான் நிலத்தைப் பார்த்தேன். அவர் கையைத் தூக்கினார்.

"எங்கட பக்கம் பட்டிரிக்கி."

சேர்விஸ் அவர்களுக்குப் போனது. அடுத்த நான்கு புள்ளியும் அவர்களுக்கே. பதினாறுக்குப் பதினான்கு.

சாப்பாட்டு நேரத்தில் அவரே செம்பை எடுத்துக்கொண்டு டவுண் ஆட்களின் கைக்குத் தண்ணீர் ஊற்றினார். அவர்களுடைய கெப்டன் கையை நீட்டாமல் நின்றார்.

"காக்கா, நீங்க தூக்காட்டி எங்களுக்கு ஆரு சொல்லியிருப்பா?"

"ஆரும் சொல்லமாட்டா. அதுக்குத்தான் தூக்குற. கைய நீட்டுங்க, தண்ணி போகுது."

எங்கள் பொடியன்மார் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. "இவர்ட கை அந்தப் பக்கமே போகல்ல. பேர் எடுக்கத்தான் தூக்கினார்" என்று ஒருவன் சொன்னான். அடுத்த வியாழன் அவர் சாம்பலால் கோடு போட்டார். கடைசிக் கோட்டை முடித்துவிட்டு, வெறும் கூடையைத் தட்டிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். அன்று இராச்சாப்பாட்டுக்கு இரண்டு கறி இருந்தது. இரண்டாவது கறியில் நான் கை வைக்கவில்லை. வேறு யாருக்கும் அது ஏன் வந்தது என்று கூடத் தோன்றியிருக்காது.

சகனில் பகிடி தொடங்கியது. "சம்பல்ல உப்புக் கூட. காக்கா, கை தூக்குங்க" என்று ஒருவன் கத்தினான். அவர் குசினி வாசலில் நின்று உண்மையாகவே கையைத் தூக்கினார்.

"ஓம், கூடிட்டு. ரெண்டு தரம் போட்டிருக்கன் போல."

மறுநாள் நான் குசினிக்குப் போனேன். "காக்கா, அண்டைக்கி..." என்று தொடங்கினேன்.

"வெங்காயம் உரிக்கத் தெரியுமா?" என்றார்.

உரித்தேன். இரண்டு கொத்து வெங்காயம் முடிந்தது. அவர் கதைத்ததெல்லாம் மீன் வராததைப் பற்றியும் விறகு ஈரமாக இருப்பதைப் பற்றியும்தான். நான் சொல்ல வந்ததைக் கேட்க அவருக்கு விருப்பமில்லை என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதைக் கேட்க வேண்டியவர் தான் அல்ல என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

வியாழன் லுஹர் என்ற நண்பகல் தொழுகைக்குப் பிறகு மாணவர் மன்றம் கூடும். பைத் பாடல்கள் படிப்பார்கள், விடுகதை போடுவார்கள். கடைசியில் ஒரு தொப்பிக்குள் காகிதத் துண்டுகளைப் போட்டுக் குலுக்குவார்கள். எடுத்த துண்டில் என்ன இருக்கிறதோ அதைப் பற்றி மூன்று நிமிடம் பேச வேண்டும். நான் எப்போதும் தண்ணீர் அள்ளப் போவதுபோல எழும்பிப் போய்விடுவேன். அன்று போகவில்லை. தொப்பி என்னிடம் வந்தபோது எடுத்தேன். துண்டில் கத்தரிக்காய் என்று இருந்தது.

எழும்பி நின்றேன். அக்குறணை நானா கடிகாரத்தைப் பார்த்து, "தொடங்கலாம்" என்றார்.

"கத்தரிக்காய்" என்றேன். துண்டை மடித்தேன், விரித்தேன், திரும்ப மடித்தேன். சிலர் சிரித்தார்கள். "அண்டைக்கி பந்து பட்டது என்ர விரல்ல. குசினிக் காக்காட கையில படல்ல. நான் தூக்கல்ல. அவர் தூக்கினார்."

நல்ல பேச்சுக்கு எங்கள் மன்றத்தில் "ஜஸாகல்லாஹ்" என்பார்கள். மோசமான பேச்சுக்கு இருமுவார்கள். அன்று இரண்டும் இல்லை.

"இன்னம் ரெண்டு நிமிஷம் ஈக்குது" என்றார் அக்குறணை நானா.

"கத்தரிக்காய் கறிக்கு நல்லம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

அத்தோடு மன்றம் கலைந்தது. ஏழு பேர் நான்கு சைக்கிளில் ஹாஜியாரின் நெல் ஆலைக்குப் போனோம். அக்குறணை நானா நடந்ததைச் சொல்லி, குசினிக் காக்காவைத் திரும்ப விளையாட விடும்படி கேட்டார். ஹாஜியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆருட கையில பட்டா என்ன மனே? தோத்ததுதானே. ஊருக்கு முன்னால நான் சொன்ன வார்த்தை. கோட்டுக்குள்ள கால் வைக்கப்படா எண்டா வைக்கப்படாதான்."

திரும்பி வரும் வழியில் அக்குறணை நானா திடீரென்று சைக்கிளை நிறுத்தினார். பின்னால் வந்தவன் அவர்மேல் மோதினான்.

"ஹாஜியார் சொன்ன வார்த்தை என்ன?"

"கோட்டுக்குள்ள கால் வைக்கப்படா."

"சேர்விஸ் அடிக்கிறவர் எங்க நிக்கிற?"

சேர்விஸ் அடிக்கிறவர் கடைசிக் கோட்டுக்கு வெளியேதான் நிற்கிறார்.

"குசினியோட நிக்கட்டும் எண்டும் சொன்னார்" என்று ஒருவன் ஞாபகப்படுத்தினான்.

"அதையும் மீறேலாது" என்றார் அக்குறணை நானா. "அப்ப கோட்டத்தான் குசினியடிக்குக் கொண்டு போகணும்."

பெரிய ஹஸரத் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார்.

"ஹாஜியார்ட வார்த்தை முறியக்கூடாது."

"முறியாது ஹஸரத்."

"அப்ப கம்பத்த ஆழமா நடுங்க. குசினிப் பக்கத்து மணல் சாயும்."

அடுத்த வியாழன் லுஹர் முடிந்ததும் வலை கட்டும் கமுகங்கம்பங்களைத் தோண்டி எடுத்தோம். குசினிக் காக்கா வாசலுக்கு வந்து பார்த்தார். வலையையே எடுத்துவிடப் போகிறோம் என்று நினைத்தாரோ என்னவோ, ஒன்றும் கேட்கவில்லை. கம்பத்தைத் தூக்கிக்கொண்டு குசினியை நோக்கி நாங்கள் நடந்தபோதுதான், "எங்க கொண்டு வாறீங்க?" என்றார்.

"இஞ்சதான். சாம்பல் கொண்டு வாங்க காக்கா."

கோடு போட்டார். மேற்குப் பக்கத்துக் கடைசிக் கோடு குசினிப் படியிலிருந்து ஒரு எட்டு தூரத்தில் வந்தது. அக்குறணை நானா சட்டத்தை விளக்கினார். உள்ளே ஐந்து பேர். ஆறாவது ஆள் குசினிப் படியடியில் நின்று சேர்விஸ் மட்டும் அடிப்பார். குசினிக் காக்கா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"இது கள்ள வேலை இல்லையே?"

"பெரிய ஹஸரத்துக்குத் தெரியும்."

"ஹாஜியாருக்கு?"

ஹாஜியாருக்கும் தெரிந்துவிட்டது. அசர் தொழுகைக்கு அன்று அவர் எங்கள் பள்ளிக்கே வந்திருந்தார். தொழுது முடிந்து மைதானத்துக்கு வந்தார். கம்பங்களைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், குசினிப் படியைப் பார்த்தார். எங்களை நெடுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் ஓதிருக்கீங்க" என்றார். "ஒரு கதிரை கொண்டு வாங்க."

அந்தக் கதிரையைக் கடைசிக் கோட்டுக்கு நேரே போடச் சொன்னார். "வார்த்தை வார்த்தைதான். நான் பாத்திட்டிருப்பன். ஒரு தரம் கால் கோட்டுல பட்டாலும் அதோட சரி. மறுகா அடுப்புத்தான்."

குசினிக் காக்கா படியிலிருந்து இறங்கினார். மூன்று வாரத்துக்குப் பிறகு பந்தைக் கையில் எடுக்கிறார். அதை ஒருமுறை மணலில் உருட்டிவிட்டு எடுத்தார். வெயில் அவருக்குப் பின்னால் குசினிக் கூரைமேல் இருந்தது. ஒரு குத்து. பந்து தென்னை உயரத்துக்குப் போனது. எதிரே நின்றவர்கள் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு அண்ணாந்தார்கள். பந்து அவர்களின் நடுவில் விழுந்தது. ஒருவரும் தொடவில்லை.

எங்கள் பக்கம் துள்ளினார்கள். நான் துள்ளவில்லை. திரும்பி அவரைத்தான் பார்த்தேன்.

அவருடைய கை மேலே இருந்தது.

"என்ன?" என்றார் ஹாஜியார். "நான் பாத்திட்டுத்தானே இரிக்கன். படல்ல."

குசினிக் காக்கா வலது காலைத் தூக்கிக் காட்டினார். பெருவிரல் நுனியில் சாம்பல் ஒட்டியிருந்தது.

"பட்டிரிக்கி ஹாஜியார்."

அவர் பந்தை எடுத்து எதிர்ப்பக்கத்துக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டு, குசினிப் படியில் ஒரு காலை வைத்தார். உள்ளே போவதற்குத்தான்.

"நில்லுங்க" என்றார் ஹாஜியார்.

எழும்பினார். கதிரையைத் தூக்குவதற்கு இரண்டு பேர் ஓடினோம். வேண்டாம் என்று கையால் காட்டினார். அந்தக் கனமான மரக் கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு மணலில் மெல்ல நடந்து, எதிர்ப்பக்கம் கடந்து போய், கடலைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தார். அங்கே இருப்பவருக்குக் கோடு தெரியாது.